இரும்புத் தோசைக்கல்லை மணமில்லாமல் பழக்குவது: எண்ணெய் தெரிவு முதல் கடைசிச் சூடு வரை

புது வார்ப்பிரும்புத் தோசைக்கல்லோ தாச்சியோ வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "பழக்கும்போது மணக்காத எண்ணெய் எது?" பழக்குவது என்றால் எண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடாக்கி, கல்லின் மேல் இறுகிய ஒரு படையை ஏற்றுவது. ஒரு சொல்லில் பதில் வேண்டுமென்றால், சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். அந்தப் பதிலோடு போனவர்களில் பலர் இரண்டு நாள் கழித்து வந்து, "அதுவும்தான் வீடு முழுக்க மணந்தது" என்பார்கள். விசாரித்தால் கல்லைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள். அல்லது தோசைக்கு ஊற்றுவதுபோல ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றியிருப்பார்கள்.

அதனால் எண்ணெயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதை விட்டுவிட்டேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படியைத் தாண்டிப் போனால், அடுத்த படியில் அது புகையாகவோ பிசுபிசுப்பாகவோ வந்து நிற்கும்.

1. மணம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

முதல் சந்தேகம் எப்போதும் கல்லின் மேல்தான் இருக்க வேண்டும். கப்பலிலும் களஞ்சியத்திலும் கறள் பிடிக்காமல் இருக்க, மெழுகோ இயந்திர எண்ணெயோ தடவித்தான் பல கற்களை அனுப்புகிறார்கள். அதன் மேலேயே நம்முடைய எண்ணெயைப் பூசிச் சூடாக்கினால் றப்பர் எரிந்த மாதிரி ஒரு மணம் வரும். பழி எண்ணெய்க்குப் போகும்.

அடுத்தது எண்ணெயின் சொந்த மணம். செக்கில் ஆட்டியதில் எள்ளின் மணமும் தேங்காயின் மணமும் அப்படியே இருக்கும். சமையலுக்கு அது நல்லது. வெறும் கல்லில் 200 பாகை செல்சியஸுக்கு மேல் காயும்போது அதே மணம் கருகி, தலையிடி தரும்.

கண்ணை எரிக்கும் புகை வேறு. எந்த எண்ணெயும் புகைநிலையைத் தாண்டினால் அதிலுள்ள கிளிசரோல் உடைந்து அக்குரோலீன் என்ற வாயு வரும். அதைத் தராத எண்ணெய் கிடையாது. நம் கையில் இருப்பது அளவு மட்டுமே. அரைத் தேக்கரண்டி எண்ணெயில் வரும் புகை யன்னலால் போய்விடும், இரண்டு மேசைக்கரண்டியில் வருவது திரைச்சீலையில் தங்கிவிடும்.

கடைசியாகக் காறல். தடிப்பாகப் பூசி அரைகுறையாகச் சூடாக்கிய எண்ணெய், ஒரு கிழமையில் பழைய எண்ணெய்ப் போத்தலின் மூடி மாதிரி மணக்கத் தொடங்கும். பழக்கும் நாளில் இந்த மணம் தெரியாது. அதனால்தான் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

2. முதலே எடுத்து வைக்க வேண்டியவை

கல் சூடான பிறகு துணி தேடி ஓடக் கூடாது. பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த நான்கைந்து துண்டுகளை எடுத்து வையுங்கள். ஒன்று பூச, மற்றவை துடைக்க. டிசு கடுதாசி வேண்டாம், அதன் நார் கல்லில் ஒட்டிக் கருகும். நைலோன் துணி உருகும்.

தேங்காய்ப் பொச்சு, பாத்திரம் கழுவும் சவர்க்காரம், ஒரு தேக்கரண்டி, தடித்த பிடிதுணி, இடுக்கி. இவ்வளவும் போதும்.

இடம் முக்கியம். குசினிக்குள் செய்வதைவிடப் பின் விறாந்தையிலோ முற்றத்திலோ செய்வது நல்லது. கொடியில் உடுப்புக் காய்கிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டுக் கொடியையும் சேர்த்துத்தான். சோளகம் பலமாக வீசும் நாளில் புகை நிற்காது, ஆனால் காஸ் அடுப்பின் சுவாலை அலைந்து கல் ஒரு பக்கம்தான் சூடாகும். சுவருக்கு மறைவாக அடுப்பை வைத்தால் இரண்டுக்கும் சரிவரும். மாரி மழை நாளில் எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இழுப்பு உள்ளவர்கள், கைக்குழந்தை இருந்தால் அந்த நேரம் அவர்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

முழு வேலைக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். கை வைத்துச் செய்யும் வேலை ஒரு மணித்தியாலம்கூட வராது, மிச்சம் எல்லாம் சூடும் ஆறுதலும்தான்.

3. எண்ணெயைத் தெரிவது

கல்லில் படிய வேண்டியது எண்ணெயே இல்லை. எண்ணெய் சூட்டிலும் ஒட்சிசனிலும் மாறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வார்னிஷ் மாதிரி இறுகிய ஒரு படைதான் வேண்டும். நிரம்பாத கொழுப்பமிலம் அதிகம் உள்ள எண்ணெய்தான் அப்படிப் பின்னும். நிரம்பிய கொழுப்பு எவ்வளவு சூடாக்கினாலும் பெரும்பாலும் கொழுப்பாகவே கிடக்கும்.

இதை அளக்க அயடீன் பெறுமானம் என்ற எண் இருக்கிறது. எண் கூடக் கூட எண்ணெய் காய்ந்து இறுகும் இயல்பு கூடும். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11 வரை. பாம் எண்ணெய்க்கு 50 முதல் 55. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. சூரியகாந்திக்கு 118 முதல் 141. சோயாவுக்கு 124 முதல் 139. ஆளிவிதை எண்ணெய் 170ஐத் தாண்டும்.

அப்படியானால் ஆளிவிதைதானே சிறந்தது என்று தோன்றும். இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அங்கேதான் மணம் குறுக்கே வருகிறது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம் என்ற நிரம்பாத கொழுப்பமிலம். அது ஒட்சியேறும்போது பெயின்ற் மணமும் மீன் மணமும் கலந்த ஒன்று வரும். பெயின்ற் மணம் வருவதில் வியப்பில்லை, எண்ணெய்ப் பெயின்றில் கலப்பதும் இதே விதையின் எண்ணெய்தான். படையும் கண்ணாடி மாதிரிக் கடினமாக இறுகி, பிறகு செதில் செதிலாகக் கழரும். விலையும் அதிகம். நான் ஒருமுறை செய்து பார்த்ததோடு சரி.

ஆகவே நமக்கு வேண்டியது, நன்றாக இறுகவும் வேண்டும், லினோலெனிக் குறைவாகவும் இருக்க வேண்டும், சுத்திகரித்து மணம் நீக்கியதாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேரும் இடத்தில் சூரியகாந்தி நிற்கிறது. அதில் லினோலெனிக் கிட்டத்தட்ட இல்லை. சுத்திகரித்ததன் புகைநிலை ஏறத்தாழ 225 முதல் 230 பாகை செல்சியஸ். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: ஒலீயிக் அமிலம் அதிகம் என்று போட்ட சூரியகாந்தி எண்ணெயும் இருக்கிறது. இருதயத்துக்கு நல்லதென்று விற்கும் அந்த வகை மெதுவாகத்தான் இறுகும். சாதாரணமானதே போதும்.

சோயா இரண்டாவது. நன்றாக இறுகும். கனடாவிலிருந்து உறவினர் தூக்கிக்கொண்டு வரும், லாட்ஜ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வார்ப்பிரும்புச் சட்டிகள் தொழிற்சாலையில் சோயா எண்ணெயால்தான் பழக்கப்படுகின்றன. ஆனால் சோயாவில் லினோலெனிக் 7 சதவீதம் அளவில் உண்டு, அதனால் சூட்டில் ஒரு மெல்லிய மீன் வாடை தெரியும். மூக்குக் கூர்மையானவர்களுக்கு மட்டும். சோள எண்ணெயும் சரி, கிடைத்தால்.

"மரக்கறி எண்ணெய்" என்று மட்டும் போட்ட போத்தலை நம்பி வாங்காதீர்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பாம் என்று இருக்கலாம். பாம் எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிரம்பிய கொழுப்பு. பொரிக்க நல்லது, பழக்கத் தோதில்லை.

இனி நம் வீட்டு எண்ணெய்கள். தேங்காய் எண்ணெய் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் குசினியில் கை முதலில் போவது அந்தப் போத்தலுக்குத்தான். அதில் 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு. பழக்கும் அன்று கல் கறுத்துப் பளபளவென்று அழகாக இருக்கும். முதல் மூன்று தோசையும் நன்றாக வரும். பிறகு அது கரைந்து தோசையோடு போய்விடும், போகாதது விளிம்பில் பிசினாகத் தங்கிக் காறும். என் முதல் தாச்சி அப்படித்தான் போனது. இரண்டு கிழமை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் திறந்தபோது அலுமாரியே மணந்தது.

நல்லெண்ணெய் அப்படியில்லை. 40 சதவீதத்துக்கு மேல் லினோலெயிக் என்ற வேறொரு நிரம்பாத கொழுப்பமிலம் (லினோலெனிக் அல்ல) இருப்பதால் நன்றாகவே இறுகும். நம் அம்மம்மாக்களின் தோசைக்கற்கள் அதில்தான் கறுத்தன. குறை ஒன்றுதான்: செக்கு நல்லெண்ணெயில் எள்ளின் நுண்துகளும் மணப்பொருளும் இருக்கின்றன, 180 பாகையை அண்டியே புகையத் தொடங்கும். முற்றத்து விறகடுப்பில் அது பெரிய விஷயமில்லை. மாடி வீட்டுக் குசினியில் பெரிய விஷயம். அடிப்படையைச் சூரியகாந்தியால் போட்டுவிட்டு, அதன் பிறகு தினமும் தோசைக்குத் தடவுவதற்கு நல்லெண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்வது இதுதான்.

நெய்யும் மாஜரினும் வேண்டாம். நெய் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு, மாஜரினில் தண்ணீரும் உப்பும் உண்டு. பன்றிக் கொழுப்பால் பழக்குவது மேல்நாட்டில் வழக்கம், ஆனால் அதற்குச் சொந்த மணம் உண்டு, வெளியில் இருந்தால் காறும். அதோடு மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று வைத்திருக்கும் வீடுகளில் அந்தக் கல்லை விரத நாளில் தொட முடியாது.

வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் விளக்குக்கு. தையல் மெஷின் எண்ணெய் பளபளப்புத் தரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இறுகாது, சாப்பாட்டுக்கும் ஆகாது.

பொரித்த எண்ணெய்க்குத் தனியாக ஒரு வரி. "வீணாகப் போகுதே" என்று மீன் பொரித்த எண்ணெயால் தோசைக்கல்லைப் பழக்கிய ஒரு மச்சாள் எனக்கு இருக்கிறார். நல்லூர்த் திருவிழா தொடங்க இரண்டு நாள் இருந்தது. அந்த 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, தோசையில் மட்டும் சூடை மீன் மணம். பொரித்த எண்ணெய் ஏற்கெனவே பாதி உடைந்தது, அதில் கரைந்த மணம் படைக்குள்ளேயே பூட்டுப்பட்டுவிடும். சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

4. கரண்டியில் ஒரு சோதனை

போத்தலில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் கையில் உள்ள எண்ணெய் பழசா புதுசா என்று போத்தல் சொல்லாது. கடையில் வெயில் படும் தட்டில் இருந்த போத்தல் திறக்கும் முன்பே காறியிருக்கலாம்.

முதலில் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கைச்சூட்டிலேயே பழைய கச்சான் வாடை வந்தால் அந்தப் போத்தலை விட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு பழைய சில்வர் கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு சொட்டை மெல்லியதாகத் தடவி, இடுக்கியால் பிடித்து, சின்னச் சுவாலைக்கு ஒரு சாண் மேலே சில நிமிடம் காட்டுங்கள். முதல் புகை வந்ததும் விலக்குங்கள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல், கையால் விசிறி மணத்தைப் பாருங்கள். இரண்டு எண்ணெய் கையில் இருந்தால் இரண்டு கரண்டியில் செய்யுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அந்தக் கரண்டியைக் கழுவாமல் மறுநாள் காலை வரை வைத்து மறுபடி முகருங்கள். எனக்கு இந்த இரண்டாவது மணம்தான் முக்கியம். புகை போய்விடும். மறுநாள் மணக்கிற எண்ணெய், கல்லிலும் மணக்கும்.

5. கழுவுவது, பிறகு வெறுங்கல்லைச் சூடாக்குவது

புதுக் கல்லைக் கொதிதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுப் பொச்சால் உரஞ்சுங்கள். கைபிடி, விளிம்பு, அடிப்பக்கம் எல்லாம். மெழுகு தடித்திருந்தால் இரண்டாம் தரமும். பழக்கிய கல்லுக்குச் சவர்க்காரம் போட்டால் பழக்கம் போய்விடும் என்ற பயம் இந்தப் படியில் தேவையே இல்லை, போக வேண்டும் என்றுதானே கழுவுகிறோம்.

கறள் இருந்தால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணித்தியாலம் ஊற வைத்து உரஞ்சுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள், அமிலம் கறளை முடித்துவிட்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை அது கொஞ்சம் எடுக்கும், உண்மைதான், ஆனால் மூன்று நாள் தண்ணீரில் கிடக்கும் இரும்பு வேறென்ன செய்யும்?

கழுவியதும் வடிய வைக்காமல் உடனே துணியால் துடையுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. தானாகக் காய விட்டால் வெள்ளைப் படிவு நிற்கும், அதன் மேல் எண்ணெய் ஒட்டாது.

இனி எண்ணெய் எதுவும் இல்லாமல் மெல்லிய தணலிலோ சின்னச் சுவாலையிலோ 10 நிமிடம், பிறகு நடுத்தரச் சூட்டில் இன்னொரு 10 நிமிடம் வையுங்கள். முதலிலேயே பெரிய சுவாலை வைத்தால் வார்ப்பிரும்பு வெடிக்கலாம். இந்த வெறுஞ்சூட்டில் புகை வந்தால் அது முழுக்கத் தொழிற்சாலையின் மசகு. புகை நிற்கும் வரை விடுங்கள். புகையே வரவில்லை என்றால் நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். இதைச் செய்தவர்கள் யாரும் திரும்பி வந்து எண்ணெயைக் குறை சொன்னதில்லை.

ஏற்கெனவே பழக்கிய சட்டி என்று எழுதியிருந்தால் வினாகிரியும் வெறுஞ்சூடும் வேண்டாம். கழுவி, துடைத்து, அடுத்த படிக்குப் போங்கள்.

6. பூசுவது, உடனே துடைத்து எடுப்பது

கல் கைச்சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். குளிர்ந்த கல்லில் எண்ணெய் தடிப்பாக நிற்கும், கொதிக்கும் கல்லில் பட்டவுடன் புகையும். இளஞ்சூட்டில்தான் மெல்லியதாகப் பரவும்.

10 அங்குலக் கல்லுக்கு அரைத் தேக்கரண்டி. இரண்டு பக்கத்துக்கும், கைபிடிக்கும் சேர்த்து இவ்வளவுதான். துணியால் எங்கும் தேயுங்கள்.

பிறகு காய்ந்த துண்டை எடுத்துப் பூசியதை முழுக்கத் துடையுங்கள். இன்னொரு காய்ந்த துண்டால் திரும்பவும். "பூசினதையே துடைச்சால் பிறகென்ன மிச்சம்?" என்று கேட்பார்கள். கல்லின் நுண்துளையில் நிற்பது மிச்சம், நமக்கு வேண்டியதும் அதுதான். விரலால் தொட்டால் ஈரம் தெரியக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கும் எண்ணெய்க் கோடு மினுங்கக் கூடாது. மங்கலாக இருந்தால் சரி.

மணத்தைக் குறைப்பதில் எண்ணெய்த் தெரிவுக்குச் சமமான பங்கு இந்தத் துடைப்புக்கு உண்டு. சரியாகத் துடைத்த செக்கு நல்லெண்ணெய், துடைக்காத சூரியகாந்தியைவிடக் குறைவாகப் புகையும்.

பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். அது ஏன் பலிக்கிறது என்றால், வெங்காயம் எண்ணெயை மெல்லியதாக இழுத்துப் பரப்புகிறது. தினமும் தோசை சுடும்போது செய்யுங்கள். பழக்கும் நாளில் வேண்டாம், அதன் சாறு கருகிப் புது மணம் ஒன்றைக் கொண்டுவரும்.

7. சூடாக்குவது

ஓவன் இருந்தால் வேலை சுலபம். கல்லைக் கவிழ்த்து வைத்து 230 பாகையில் ஒரு மணித்தியாலம், பிறகு நிறுத்தி உள்ளேயே ஆற விடுங்கள். கவிழ்ப்பது ஏனென்றால், மிஞ்சிய எண்ணெய் இருந்தால் நடுவில் குளம் கட்டாமல் விளிம்புக்கு வரும். புகைக்கு மிகவும் பயம் என்றால் முதல் இரண்டு படையை 200 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து எடுங்கள். புகைநிலைக்குக் கீழேயும் எண்ணெய் இறுகும், நேரம்தான் கூடுதலாக எடுக்கும். கடைசிப் படையை மட்டும் 230க்கு ஏற்றுங்கள். கேக் போடும் சின்ன மேசை ஓவன்களில் 12 அங்குலக் கல் நுழையாது, வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

காஸ் அடுப்பில், நடுத்தரத்துக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். சுவாலை வளையத்துக்கு நேர் மேலே உள்ள இடம் முதலில் கறுக்கும், விளிம்பு பச்சையாகவே இருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கல்லைத் தள்ளித் திருப்பி வைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் 190 பாகையைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு நூல் போலப் புகை எழும். அந்தச் சூட்டிலேயே பிடித்து, புகை தானாக அடங்கும் வரை, அதாவது 10 முதல் 15 நிமிடம் வரை, விடுங்கள். புகை பொங்கினால் சூடு கூடிவிட்டது, குறையுங்கள். புகை அடங்கும் முன்பு இறக்குவதுதான் காஸ் அடுப்புக்காரர்களின் வழமையான பிழை. மணத்துக்குப் பயந்து இறக்குகிறார்கள், அந்த அவசரம் பிறகு காறலாகக் கிடந்து மணக்கிறது.

விறகடுப்பில் சுவாலை வேண்டாம். சமையல் முடிந்த தணலோ, சிரட்டைக் கரியோ, ஊமற்கரியோ (பனங்கொட்டைக் கரி) நல்லது. சூடு சீராக, அகலமாக வரும், கல்லை அடிக்கடி நகர்த்தத் தேவையில்லை. வெளியில் செய்வதால் மணம் ஒரு பொருட்டே இல்லை. வசதி இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எந்த அடுப்பானாலும் சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். கீறு விழும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள், தண்ணீர் கிட்டவும் வரக் கூடாது.

எண்ணெய்த் துணிகளையும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும் எண்ணெய் காயும்போது தானே சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளக்கூடும், ஆளிவிதை எண்ணெயில் அந்த ஆபத்து மிக அதிகம். முற்றத்தில் விரித்துக் காய விடுங்கள் அல்லது அடுப்பில் எரித்துவிடுங்கள்.

8. எத்தனை தரம்

பூசு, துடை, சூடாக்கு, ஆற விடு. இது ஒரு சுற்று. ஓவனில் மூன்று சுற்று, அடுப்பில் நான்கு அல்லது ஐந்து. ஒவ்வொரு சுற்றிலும் புகை முந்தியதைவிடக் குறைவாக வர வேண்டும். கூடினால் துடைப்பதில் கை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

முதல் சுற்றில் கல் கபில நிறமாகும், திட்டுத்திட்டாகவும் இருக்கும். கன்னங்கரேலென்று வரவில்லையே என்று எண்ணெயைக் கூட்டாதீர்கள். கறுப்பு, சமைக்கச் சமைக்கத்தான் வரும்.

9. முதல் சமையல்

முதல் நாள் ஒரு கைபிடி தேங்காய்ப்பூவை எண்ணெய் விடாமல் வறுத்துக் கொட்டுங்கள். மிச்சமிருக்கும் மணத்தை அது எடுத்துக்கொள்ளும். பிறகு உடனே தோசை சுடாமல், அப்பளம், முட்டை, வெங்காயம் வதக்குவது போன்ற எண்ணெய்ச் சமையல் இரண்டு மூன்று நாளைக்கு. புளிக்குழம்பு, தக்காளி, தேசிக்காய் பிழியும் கறி இவை ஒரு மாதம் கழித்து. பழப்புளி புதுப் படையை ஒரே சமையலில் கழற்றிவிடும், குழம்பிலும் இரும்பு மணம் ஏறும்.

10. பிழைத்துப் போனால்

தொட்டால் பிசுபிசுக்கிறது: எண்ணெய் கூடிவிட்டது. மேலும் பூசாமல் 230 பாகையில் இன்னொரு மணித்தியாலம். அடுப்பென்றால் புகை அடங்கும் வரை. பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெயால் வந்த பிசுபிசுப்பு இதற்கு மசியாது, சவர்க்காரம் போட்டுக் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சின்னச் சின்னக் கொப்புளமாக, புள்ளி புள்ளியாக இறுகியிருக்கிறது: துடைக்காத சொட்டுகள். அந்த இடத்தை மட்டும் உப்பும் பொச்சும் கொண்டு தேய்த்துச் சமப்படுத்தி ஒரு சுற்றுப் போடுங்கள்.

செதிலாகக் கழருகிறது: ஆளிவிதை, அல்லது கழுவாத கல். இரண்டுக்கும் ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள். முழுக்க எடுத்துவிட்டுத் தொடங்குவது கெதி.

ஒரு கிழமை கழித்து மணக்கிறது: கல்லை எடுத்து வைக்கும்போது "கறள் பிடிக்காமல் இருக்கட்டும்" என்று பச்சை எண்ணெய் தடவியிருப்பீர்கள். அதுதான் காறியது. தூசியும் கரப்பானும் வேறு வரும்.

11. எடுத்து வைப்பது

கழுவி, துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் காய வையுங்கள். அடிக்கடி பாவிக்கும் கல்லுக்கு அதன் பிறகு எதுவும் தேவையில்லை. மாரி காலத்திலோ கடற்கரைப் பக்க வீடுகளிலோ, உப்புக்காற்றில் கறள் வரும் என்ற பயம் இருந்தால், இரண்டே சொட்டுச் சூரியகாந்தி எண்ணெயைத் தடவித் துடைத்து, நூல் புகை வரும் வரை சூடாக்கி ஆறிய பிறகு வையுங்கள். பூசிச் சூடாக்கிய எண்ணெய் காறாது, பூசி விட்டது காறும்.

மேலே மூடி போட்டு இறுக்காதீர்கள். ஒரு பழைய பேப்பர்த் தாளை மேலே விரித்துக் காற்றுப் படும் தட்டில் வைத்தால் போதும். நல்லெண்ணெய்ப் போத்தலை அதற்குப் பக்கத்திலேயே வையுங்கள், காலையில் தோசைக்குத் தேடத் தேவையில்லை.